விபத்தில்லா எல்லையில் ஒரு இடது கால்

எங்கள் காரை இடித்தது விபத்துத் தடுப்புத் துறையின் விழிப்புணர்வு வாகனம். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "துறையோட வண்டியா?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். சிவப்பு விளக்கு. நான் கைப் பிரேக்கைக்கூட இழுத்து வைத்திருந்தேன். பின்னால் வந்த வேனின் உச்சியில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. அதிலிருந்து தேன் குழைத்த ஒரு பெண் குரல், "அன்பான வாகன ஓட்டிகளே, முன்னால் நிற்கும் வாகனத்துக்குப் போதுமான இடைவெளி..." என்று சொல்லிக்கொண்டே வந்தது. 'விடுங்கள்' என்று அது முடிப்பதற்குள் எங்கள் பின்பக்கம் அப்பளமாகிவிட்டது. இடித்த அதிர்ச்சியில் ஒலிபெருக்கி சாய்ந்து, அந்த அம்மாள் அதே வரியில் மாட்டிக்கொண்டாள். "இடைவெளி, இடைவெளி, இடைவெளி" என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு கீறல் இல்லை. டீச்சருக்கும் இல்லை. டீச்சர் என்றால் என் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறாள். தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. சின்ன வயதில் ஏதோ தொற்று வந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் அவள் போட்டுக்கொள்வது செயற்கைக் கால். அது கடையில் அளவு சொல்லி வாங்குகிற சாமான் இல்லை. காலை வார்க்கிறவர் பல தடவை வரச்சொல்லி, தேய்த்து, இழைத்து, வலிக்கிற இடத்தைக் கேட்டுக் கேட்டு, அவளுக்கென்றே செய்தது. அதைப் போட்டுக்கொண்டு கரும்பலகை முன்னால் நாள் முழுக்க நிற்பாள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு விஷயமே தெரியாது.

ஆனால் தூரப் பயணம் என்றால் காரில் ஏறியதும் அதைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுச் சால்வையால் மூடிவிடுவாள். "அதுவும் கொஞ்சம் படுத்துக்கட்டும்" என்பாள். அன்றைக்கும் அது படுத்துக்கொண்டுதான் இருந்தது.

இடித்த வேனுக்குப் பின்னாலேயே துறையின் ஆம்புலன்ஸ் வந்தது. அந்த வேன் எங்கே போனாலும் அது பின்னாலேயே போகுமாம். அதிலிருந்து குதித்த உதவியாளர் எங்கள் கதவைத் திறந்தார், டீச்சரைப் பார்த்தார், பார்வை கீழே போனது, முகம் வெளிறிவிட்டது.

"அம்மா, கால் எங்கம்மா?"

"பின் சீட்டுல இருக்கு. எடுத்துக் குடுங்க, போட்டுக்கறேன்" என்றாள் டீச்சர்.

அவர் பின்னால் திரும்பி, "அதிர்ச்சியில உளர்றாங்க. சீக்கிரம் ஐஸ் பெட்டியக் கொண்டா!" என்று கத்தினார்.

நான் விளக்குவதற்குள் என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் மின்விசிறி, மிக்சி பழுது பார்க்கிற ஆள். எனக்கு மோட்டாரிடம் பேசத் தெரியும். பதறுகிற மனிதர்களிடம் பேசத் தெரியாது. சால்வையோடு காலைத் தூக்கி ஐஸில் வைத்தார்கள். டீச்சரை ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். அவள், "ஐயோ, அது நனையக் கூடாதுங்க" என்று கத்தியதற்கு, அவளுக்கு ஒரு தூக்க ஊசி போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணுமில்லையே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். கூட்டிக்கொண்டு போக நான் தயார். கால்? கால் துறைக்குப் போய்விட்டது. சம்பவ இடத்தில் கிடைத்த மனித உறுப்பு துறையின் பொறுப்பாம்.

மறுநாள் காலையில் துறைக்குப் போனேன்.

வாசலில் பெரிய பலகை: 'எங்கள் எல்லையில் விபத்து இல்லை.' அதன் கீழே காவலாளி எனக்கு ஒரு ஹெல்மெட்டும், இருட்டில் மினுங்குகிற மஞ்சள் சட்டையும் கொடுத்தார். உள்ளே எல்லாரும் அதே கோலத்தில்தான் இருந்தார்கள். தட்டச்சு செய்கிறவர்கள், பெருக்குகிறவர்கள், டீ கொடுக்கிறவர் உட்பட எல்லாத் தலையிலும் ஹெல்மெட். மேலேயிருந்து மின்விசிறி விழுந்தால் என்ன ஆவது என்று கேட்டார்கள். அதைப் பொருத்துகிற ஜாதியைச் சேர்ந்தவன் என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

எந்த மேஜைக்குப் போனாலும் பேசுவதற்கு முன் உறுதிமொழி எடுக்க வேண்டும். கையை நீட்டி, "நான் சாலையை மதிப்பேன். சாலை என்னை மதிக்கும். துறை இரண்டையும் மதிப்பிடும்" என்று சொல்ல வேண்டும். விசாரணை மேஜையில் சொன்னேன். கழிவறை எங்கே என்று கேட்பதற்கு முன்னால் ஒரு தடவை சொன்னேன். கழிவறை வாசலில் இருந்தவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது கொஞ்சம் வேகமாகச் சொன்னேன். "நிதானமா சொல்லுங்க. வேகம் ஆபத்து" என்றார்.

நடைபாதைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து நடுவில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். இடது பக்கம்தான் நடக்கலாம். எனக்கு முன்னால் ஒரு பெரிய அதிகாரி, சாப்பிட்ட களைப்பில் ஆமை மாதிரிப் போய்க்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போனதற்கு அங்கேயே நிறுத்தி எச்சரித்தார்கள். அப்புறம் திருப்பத்தில் ஒரு சிக்னல். நிஜமான சிக்னல், இரண்டு பக்கமும் மூன்று விளக்கோடு. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கும்பலே கையில் காகிதங்களோடு நின்றது.

நெடுநேரம் நின்றேன். சிவப்பு மாறவே இல்லை.

"பழுதாயிடுச்சா?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். அவர் அந்த அலுவலகத்துக் கிளார்க்.

"ஆமா. ரொம்ப நாளா சிவப்புலயே நிக்குது."

"உள்ள ஒரு சின்ன சாமான்தாங்க போயிருக்கும். நான் வேணா பாக்கட்டுமா?"

அவர் என் சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தொட்டுடாதீங்க! பச்சை எரிஞ்சா எல்லாரும் போவாங்க."

"போகட்டுமே?"

"போனா ஒருத்தர் மேல ஒருத்தர் மோதுவாங்க. இது சிவப்புல நின்ன நாள்லேர்ந்து இந்த நடையில ஒரு மோதல்கூட இல்ல. இயக்குநருக்கு இதுக்காக விருதே குடுத்திருக்காங்க."

அப்புறம் எப்படித்தான் அந்தப் பக்கம் போகிறார்கள் என்றால், போகிறவர்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற விசில்காரர் ஒருவர் இருந்தார். அவர் விசில் ஊதிக் கையைக் காட்டினால் சிவப்பையும் மீறிப் போகலாம். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். டீ குடித்தவர் நேரே வராமல் யாரோடோ பேசிவிட்டு வந்தார். ஊதினார். போனோம்.

உதவி இயக்குநர் சுழல் நாற்காலியில் இடுப்பிலும் தோளிலும் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் உட்காரவைத்து, பெல்ட் மாட்டச் சொல்லி, மாட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உங்க மனைவி கால இழந்ததுக்குத் துறை ஆழ்ந்த வருத்தத்தத் தெரிவிச்சுக்குது."

"இழக்கலைங்கய்யா. வச்சிருந்தா. நீங்கதான் எடுத்துக்கிட்டீங்க. விபத்து நடந்தப்ப..."

அவர் கையை உயர்த்தினார். "அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க. எங்க எல்லையில விபத்து நடக்காது. வாசல்ல பாக்கலையா?"

"அப்ப எங்க காருக்கு என்னங்கய்யா ஆச்சு?"

"நெருக்கம்."

"என்னங்கய்யா?"

"ரெண்டு வாகனத்துக்கு நடுவுல அதிகப்படியான நெருக்கம். அதுக்கும் காரணம் உங்க வேகம்தான்."

"நான் நின்னுக்கிட்டிருந்தேங்கய்யா. சிவப்பு விளக்கு."

"நின்னீங்க, சரி. எப்படி நின்னீங்க? சட்டுனு நின்னீங்களா, நிதானமா நின்னீங்களா? நிக்கிறதுலயும் ஒரு வேகம் இருக்கு. எங்க டிரைவர் இருபது வருஷமா நின்ன வண்டிங்களத்தான் பாத்துட்டு வர்றார். அவருக்குத் தெரியும்."

எனக்கு உண்மையிலேயே சட்டென்று நின்றுவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. அந்த அறையின் காற்றே அப்படி.

"காரப் பத்தி நான் கேக்க வரலைங்கய்யா. கால் வேணும். அது நிஜக் கால் இல்ல, செயற்கைக் கால்."

"அது எனக்குத் தெரியாதா? நானே தெறந்து பாத்தேனே. அருமையா செஞ்சிருக்காங்க. வெரல் நகமெல்லாம் வச்சு."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப குடுத்துடுங்கய்யா."

"எப்படிக் குடுக்கிறது? 'துண்டான இடது கால், ஒன்று' அப்படின்னு ஆம்புலன்ஸ் பதிஞ்சிடுச்சு. துண்டான கால, ஒட்டவைக்கிற டாக்டர்கிட்டதான் குடுக்கணும். அவர வரவழைச்சோம். பாத்துட்டு, இது காலே இல்லைன்னுட்டார். காலே இல்லாதத டாக்டர்கிட்ட குடுக்க முடியுமா?"

"முடியாதுங்கய்யா. அதனாலதான் என்கிட்ட..."

"உங்ககிட்ட எப்படி? நீங்க என்ன டாக்டரா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் வெற்றிபெற்றவர் மாதிரிச் சாய்ந்துகொண்டார். கால் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பின்னால் இருந்த கதவைக் காட்டினார். குளிர் அறையாம். எழுந்து போய் ஒரு தடவை காட்டக்கூடாதா என்று கெஞ்சினேன். அவர் தன் பெல்ட்டைத் தட்டிக் காட்டினார். வேலை நேரத்தில் அதைக் கழற்றக் கூடாதாம்.

"ஐஸ்ல வச்சா தோல் பட்டையெல்லாம் கெட்டுப்போயிடுங்கய்யா" என்றேன்.

"கெடாம இருக்கத்தானே ஐஸ்ல வைக்கிறோம்" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

வீட்டில் டீச்சர் இரண்டு ஊன்றுகோல்களை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருந்தால் ஒரு டம்ளர் டீயைக்கூட அடுத்த அறைக்குக் கொண்டுபோக முடியாது. அடுப்பங்கரையிலேயே சுவரில் சாய்ந்து குடித்துவிடுவாள். நான் கொண்டுவந்து தருகிறேன் என்றால் கோபம் வரும். "எனக்கு டீ வேணாம், கால் வேணும்" என்பாள். புதிதாக ஒன்று செய்யலாமென்று கால் வார்க்கிறவரிடம் போனால், பழையது தொலைந்ததாக அல்லது உடைந்ததாகத் துறை சொன்னால்தான் மேலே பேச முடியும் என்றார். தொலையவில்லை, உடையவில்லை, மிகவும் பத்திரமாக இருக்கிறது என்று துறை சொல்லிவிட்டது.

பிறகு துறையிலிருந்து இரண்டு ஆய்வாளர்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்கள். பாதிக்கப்பட்டவருக்கு மிச்சம் எத்தனை கால் இருக்கிறது என்று நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டுமாம்.

முதலில் உறுதிமொழி. எல்லாரும் எழுந்து நின்றோம். டீச்சர் உட்கார்ந்தே சொன்னாள்.

"நின்னு சொல்லணும்மா" என்றார் ஒல்லியானவர்.

"நிக்கிறதுக்கு வச்சிருந்தத நீங்க எடுத்து வச்சிருக்கீங்களே."

"இன்னொண்ணு இருக்கில்ல? அதுல நில்லுங்க. மூணு வரிதானே?"

நின்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில், மற்றக் கையை நீட்டி, சாலையை மதிப்பேன் என்று சொன்னாள். அவள் விரல்கள் என் தோளில் அழுந்துவதை உணர்ந்தேன். அந்த இரண்டு பேரையும் ஹெல்மெட்டோடு தூக்கி வெளியே போட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "டீ சாப்பிடறீங்களாய்யா?" என்று கேட்டேன்.

தடித்த ஆய்வாளர் குனிந்து அவளுடைய வலது காலைப் பார்த்தார். "இது ஒரிஜினல்தானே?"

"சந்தேகமா இருந்தா கிள்ளிப் பாருங்க" என்றாள் டீச்சர்.

அவர் கிள்ளிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"உணர்வு உண்டு" என்று ஒல்லியானவரிடம் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். போகும்போது இரண்டு பேரும் மீதி இருக்கிற காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அத்தோடு விட்டார்களா? பள்ளிக்கூடத்துக்கும் அனுதாபம் தெரிவித்திருக்கிறார்கள். தலைமையாசிரியை தொலைபேசியில் அழுதேவிட்டார்.

"உங்களுக்கு இப்படி ஆகுமான்னு இருக்கு டீச்சர். காயம் ஆறட்டும். அவசரப்பட்டு வராதீங்க."

"எந்தக் காயம் மேடம்? எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கால் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே. வேலைக்குச் சேந்தப்ப உங்ககிட்டதானே சொன்னேன்?"

"தெரியும். ஆனா அது வேற, இது வேற இல்லையா? இப்ப துறையே சொல்லுதே, கால் போயிடுச்சுன்னு. நாங்க வேற டீச்சரப் போட்டுட்டோம். நீங்க பேசாம லைப்ரரியில உக்காந்துக்கலாம். எப்ப முடியுதோ அப்ப வாங்க."

டீச்சர் போனை வைத்துவிட்டாள். கால் இல்லாமலே வளர்ந்து, கால் இல்லாமலே படித்து, வேலை வாங்கி, இத்தனை வருடம் நின்றே பாடம் நடத்தியவளுக்கு, கால் போய்விட்டது என்று ஒரு துறை சொன்னதும்தான் கால் போனது. அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"நின்னு நடத்தாத கணக்கு கணக்கே இல்லங்க" என்றாள். "எனக்கு அந்தக் கால் வேணும். எப்படியாவது வாங்கிட்டு வாங்க."

நான் மறுபடி மறுபடி போனேன். உறுதிமொழி சொன்னேன், சிவப்பில் நின்றேன், பெல்ட் மாட்டினேன். ஒரு நாள் உதவி இயக்குநர் மிகவும் இளகி, வேண்டுமானால் காலைத் துறையே முழு மரியாதையோடு அடக்கம் செய்துவிடும், மலர்வளையம்கூட வைக்கலாம் என்றார். இன்னொரு நாள், டீச்சர் அந்தக் காலை அடையாளம் காட்டலாம், ஆனால் நடந்துதான் வர வேண்டும், ஊன்றுகோலுக்கு நடைபாதையில் தனி வழி இன்னும் போடவில்லை என்றார்.

பிறகு ஒரு நாள் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வீடு தேடி வந்தார். ஹெல்மெட்டிலேயே பூப்போட்ட ரகம். சிரித்த முகம்.

"விபத்தில்லா வாரம் கொண்டாடறோம். இந்த வருஷம் உங்க கால்தான் ஹைலைட்! கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம். பாக்கிறவங்க அப்படியே நடுங்கிடறாங்க. நீங்க மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"உங்க எல்லையில விபத்தே இல்லையே. அப்புறம் கால் எப்படி வந்துச்சு?" என்று டீச்சர் கேட்டாள்.

"அதானே அழகு! விபத்து நடந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு காட்டறோம்." பிறகு டீச்சர் பேச வேண்டியதை நீட்டினார். 'என் கணவரின் அவசரத்தால் நான் காலை இழந்தேன்' என்று அது தொடங்கியது. "சாருக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?" என்று என்னையும் கேட்டுக்கொண்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர், "வர்றேன்" என்றாள்.

விழா அரங்கம் சிக்னலுக்கு அப்பால் இருந்தது. விசில்காரர் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில், ஊன்றுகோலோடு வந்த டீச்சருக்காக நீளமாக ஊதி வழிவிட்டார். எங்களை அனுப்பிவிட்டு, அவரும் விழா பார்க்க எங்கள் பின்னாலேயே அரங்குக்குள் வந்துவிட்டார்.

மேடை நடுவில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே டீச்சரின் கால்.

நான் அதைப் பார்த்து அடையாளம் தெரியாமல் நின்றேன். பாதத்தைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மரப்பலகையில் வைத்து அடியிலிருந்து ஸ்க்ரூ அடித்திருந்தார்கள். ரத்தம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிவப்பு எனாமல் பெயின்டை முழங்காலிலிருந்து பாதம்வரை ஊற்றியிருந்தார்கள். நகங்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொட்டு. தோல் பட்டை ஐஸில் ஊறி, கறுத்து, பூஞ்சை பூத்திருந்தது. பலகையின் முன்னால் தங்க எழுத்தில் 'வேகத்தின் விலை'. மேடைக்குக் கீழேயிருந்தே எனக்கு அந்த ஈர நாற்றம் அடித்தது. அல்லது அடித்ததுபோல இருந்தது.

இயக்குநர் பேசினார். "இந்தக் கால் பேசுகிறது! இந்தக் காலுக்குச் சொந்தக்காரர் இன்று நம்மிடையே நடமாட முடியாமல் இருக்கிறார். ஆனால் அவருடைய கால் பல ஊர்களுக்கும் போகப் போகிறது. இதைவிட ஒரு காலுக்கு என்ன பெருமை வேண்டும்? சாலையில் ஒரு கார் இடிபடுவதைத் தடுக்க யாராலும் முடியும். இடிபட்ட பிறகும் அதை விபத்து ஆகாமல் தடுப்பது நம் துறையால் மட்டுமே முடியும்!" கைதட்டல். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால் நானும் தட்டிவிட்டேன்.

டீச்சரைக் கூப்பிட்டார்கள். ஊன்றுகோலோடு போய் மைக் முன்னால் நின்றாள். அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "இது யாரோடது?" என்று கேட்டாள், வகுப்பில் கேட்கிற அதே குரலில்.

இயக்குநர் உருக்கமாக, "உங்களோடதும்மா. அதுதானே துயரம்" என்றார்.

"என்னோடதுன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

கூட்டம், கேட்டோம் என்று தலையாட்டியது.

டீச்சர் ஊன்றுகோல்களைக் கீழே போட்டாள். இயக்குநரின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் காலை எடுத்தாள், பலகையோடு. பூஞ்சையைக் கைக்குட்டையால் துடைத்தாள். கையெல்லாம் சிவப்பு ஒட்டியது. பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே மாட்டினாள். பட்டையை இறுக்கினாள். எழுந்து நின்றாள்.

நடந்தாள். வலது கால் சத்தமில்லாமல், இடது கால் 'டொக்' என்று. 'வேகத்தின் விலை' மேடைப் படிகளில் டொக், டொக்கென்று இறங்கியது. அரங்கம், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. மைக்கைப் பிடித்தார். "இதோ! இழந்த காலைத் திரும்பக் கொடுத்த முதல் துறை நம் துறை!"

துறையின் சாமான்களுக்குக் கணக்கு வைத்திருக்கிற பொருள் காப்பாளர் மட்டும் கைதட்டவில்லை. "பலகை! பலகை எங்களோடது!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் உதவி இயக்குநர், இரண்டு ஆய்வாளர்கள், விளம்பர அம்மா, விசில்காரர்.

நான் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டேன். கறுப்பு நடைபாதையில், நடுக்கோட்டின் மேலேயே நடந்தோம். திருப்பத்தில் சிக்னல். சிவப்பு. என் கால் பழக்கத்தில் தானாக நின்றுவிட்டது. வெட்கக்கேடு.

"என்னங்க நிக்கிறீங்க?" என்றாள் டீச்சர்.

"சிவப்பு..."

"வாங்க" என்று இழுத்தாள். டொக், டொக்கென்று தாண்டினோம்.

பின்னால் வந்த கூட்டம் வெள்ளைக் கோட்டில் அப்படியே நின்றது. ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொள்ளாமல், வரிசையாக, போதுமான இடைவெளி விட்டு. எல்லாரும் விசில்காரரைப் பார்த்தார்கள். அவர் எதிர்ப்பக்கத்தில் நின்று ஊத வேண்டியவர். இந்தப் பக்கத்தில் நின்றால் அவரும் சிவப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். விசிலை வாயில் வைத்துக்கொண்டு பரிதாபமாக விழித்தார்.

வாசல் படியில் டீச்சரை உட்காரவைத்தேன். அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அடித்தவன் வேலை தெரியாதவன். ஸ்க்ரூக்கள் கோணலாகப் பாதத்துக்குள் ஏறியிருந்தன. ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தேன். எடுத்த இடத்தில் எல்லாம் ஓட்டை. உள்ளேயிருந்து ஐஸ் தண்ணீர் கொஞ்சம் வடிந்தது, பழுப்பாக, நாற்றத்தோடு. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

திறந்திருந்த கதவு வழியாக அவர்கள் தெரிந்தார்கள். "ஸ்க்ரூவும் எங்களோடதுதான்! ஒண்ணு கொறைஞ்சாலும் உங்க விஷயம் முடியாது!" என்று பொருள் காப்பாளர் கத்தினார்.

இத்தனை நாளும் அந்தக் கட்டடத்தில் எல்லாரையும் அய்யா என்றே கூப்பிட்டவன் நான். பலகையைப் படியில் வைத்தேன். ஸ்க்ரூக்களை அதன்மேல் வைத்தேன்.

"வந்து எடுத்துக்கய்யா" என்றேன்.

யாரும் நகரவில்லை. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

கால் திரும்பிவிட்டது என்று துறையே மைக்கில் சொல்லிவிட்டதால், டீச்சர் இப்போது மறுபடி கரும்பலகை முன்னால் நிற்கிறாள். தலைமையாசிரியை எதிரே வந்தால் கொஞ்சம் அழுத்தியே நடக்கிறாள். பட்டையை மாற்றிவிட்டேன். ஓட்டைகளை அடைத்துப் பார்த்தேன், மழை பெய்தால் இன்னமும் தண்ணீர் போகிறது. பெயின்ட்தான் எதற்கும் மசியவில்லை. மண்ணெண்ணெய் போட்டேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்; துறையின் பெயின்ட், உறுதியாக இருக்கிறது. கணுக்காலில் சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய், "டீச்சர், விபத்துல இப்படி ஆச்சா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இல்லம்மா" என்று டீச்சர் சொன்னாளாம். "விபத்துல எனக்கு ஒண்ணும் ஆகல. இதெல்லாம் அதுக்கப்புறம் ஆனது."